அப்பாவுக்குத் தேய்மானம்

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டால், மொய் எழுதிய தொகையோடு சொல்வார். அப்படிப்பட்டவர் ஒருநாள் பால் வாங்கப் போய், அரியாங்குப்பம் கடைத்தெருவில் நின்றுகொண்டு எனக்கே போன் போட்டார்.

"டேய், நான் எதுக்குடா கடைக்கு வந்தேன்?"

சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

டாக்டர் எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு, "பெரியவர் தினம் எவ்வளவு நடப்பார்?" என்றார்.

"டி.வி.யிலிருந்து கட்டில் வரைக்கும் சார்."

"நாற்பது நிமிஷம் நடக்க வைங்க."

"மறதி தலையில சார், கால்ல இல்லையே!"

அவர் விளக்கியதை என் பி.காம். புத்திக்கு ஏற்றபடி எழுதுகிறேன். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி. புது ஞாபகங்களை வரவு வைக்கும் பேரேடு அது. வயதானால் வருஷத்துக்கு ஒன்று, இரண்டு சதவீதம் சுருங்கும். எங்கள் பாஷையில் தேய்மானம். அமெரிக்காவில் 120 பெரியவர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் நடை. இன்னொன்றுக்குக் கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருஷம் கழித்து ஸ்கேன் எடுத்தால், நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. 2011-ல் வெளிவந்த ஆய்வு இது. எந்தக் கணக்கு வாத்தியாரும் தேய்மானம் திரும்பி வரும் என்று எனக்குச் சொல்லித் தரவில்லை!

'மறதி நோய்க்கு இது மருந்து இல்லை, முதுமைக்கு ஒரு முட்டுக்கட்டை' என்றும் டாக்டர் எச்சரித்தார்.

அப்பா மசியவில்லை. "இந்த வயசுலயா?"

"ஆசிரமத்து அன்னை எழுபதைத் தாண்டியும் டென்னிஸ் ஆடினாங்களேப்பா!"

மறுநாள் விடியற்காலை செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

இப்போது தினமும் அரிக்கமேடு பக்கம் நடக்கிறோம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி ரோமானிய ஜாடித் துண்டுகளை எடுத்தார். அப்பாவும் நடக்க நடக்க எதையாவது தோண்டி எடுக்கிறார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இதே வழியில் நடந்ததை நேற்றுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத சமாசாரம். சில நாள் அவருக்கு அன்றைய கிழமை மறந்துபோகிறது. போகட்டும், கூட நடக்க நான் இருக்கிறேன்.

வீட்டு வாசலில் கேட்டார்: "டேய், பால் எங்கே?"

மறந்திருந்தேன்.

"நாளையிலேருந்து நீ கொஞ்சம் வேகமா நட!"