இருபது ரூபாய் பத்திரத்தில் கல்யாணம் முடியாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவைப் படித்தால் எங்கள் ஏரியாவில் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். சண்டைக்கு வருவதற்காகவாவது கடைசி வரை படிப்பார்கள் இல்லையா :-)

கோவளம் என்றால் உங்களுக்கு பீச், சர்ஃபிங், வறுத்த மீன், ஈசிஆரில் ஒரு ரவுண்டு. எங்களுக்கு அது ஊர். கோயில், கார்மேல் மாதா சர்ச், தமீம் அன்சாரி தர்கா மூன்றும் ஒரே கரையில் இருக்கிற ஊர். இந்த ஒற்றுமையைப் பற்றி நிறைய பேர் எழுதியாகிவிட்டது. யாரும் எழுதாத ஒற்றுமை ஒன்று உண்டு. அது எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை, இந்தக் கடற்கரை முழுக்க உண்டு. புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு என்றால் எந்த மதமாக இருந்தாலும் முதலில் கேட்கிற வார்த்தை: "கோர்ட்டு கீர்ட்டு எதுக்கு? பேசி முடிச்சிடலாம்."

பேசலாம். தப்பே இல்லை. அந்த 'முடிச்சிடலாம்' மேல்தான் எனக்குக் கோபம்.

மீனவர் பஞ்சாயத்தை நான் கேவலமாகப் பேச வரவில்லை. எந்த வலை எப்போது இறங்கலாம், கடலில் மாட்டிக்கொண்ட படகுக்கு என்ன செய்வது என்று பல தலைமுறையாக முடிவு செய்து வருகிற அமைப்பு அது. போலீஸ் வருவதற்கு முன்னாலேயே அடிதடியை நிறுத்தியிருக்கிறது. ஆனால் வலைக்குத் தீர்ப்பு சொல்வதும் வாழ்க்கைக்குத் தீர்ப்பு சொல்வதும் ஒன்றா?

லீவில் கொஞ்ச நாள் ஒரு டிடிபி கடையில் டைப் அடித்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'விடுதலைப் பத்திரம்' என்று வரும். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். இன்று முதல் இருவருக்கும் சம்பந்தமில்லை, நகையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, மொத்தமாக இவ்வளவு ரூபாய், இனி ஜீவனாம்சம் கேட்கக் கூடாது, பையன் அப்பாவோடு, பெண் அம்மாவோடு. கீழே சாட்சிக் கையெழுத்து வரிசையாக இருக்கும். நான் பார்த்த ஒன்றில்கூட சாட்சியாக ஒரு பெண் பெயர் இல்லை.

பிசினஸ் லா பேப்பரை அரியர் வைக்காமல் பாஸ் செய்த நண்பர்களுக்கு இது போதும், மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும். ஊரே சுற்றி நிற்க, கையெழுத்து போடாவிட்டால் அப்பா வீட்டைத் தள்ளி வைப்பார்கள் என்ற பயத்தில் ஒரு பெண் போடுவது சுதந்திரமான சம்மதமா? அதே சட்டத்தின் 23-ம் பிரிவு, பொதுக்கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 'ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்குவதையும் கோர்ட்டுகள் அந்தக் கணக்கில்தான் சேர்க்கின்றன. அதாவது டைப் அடித்த காசு தண்டம்.

அப்படியானால் சட்டப்படி பிரிவது எப்படி? 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி கோர்ட் தீர்ப்பு வேண்டும். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 29-ம் பிரிவு, ஒரு சமூகத்தில் வழிவழியாக வந்த விவாகரத்து வழக்கத்தை ஒத்துக்கொள்கிறது. உடனே 'பார்த்தியா!' என்று குதிக்க வேண்டாம். அந்த வழக்கம் உண்மையிலேயே இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அப்படி நிரூபிக்கவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் பத்திர விவாகரத்தை ஏற்க மறுத்தது.

சர்ச்சுக்கு வருவோம். சர்ச் கோர்ட் கல்யாணத்தை ரத்து செய்தால் அது சர்ச்சுக்குள் மட்டும்தான். அதைச் சட்டப்படி விவாகரத்தாக ஏற்கச் சொல்லிப் போட்ட மனுவை 2017-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் வருட விவாகரத்துச் சட்டம். 2001-ல் திருத்தும் வரை புருஷனுக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயம் என்று இருந்த சட்டம் அது. ஜமாத்? காஜி கொடுக்கிற தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்னது. குலா கேட்கும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் அமைப்புகள் சான்றிதழ் தர முடியாது என்று 2023-ல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆக மூன்று கதவும் ஒரே இடத்தில் வந்துதான் முடிகின்றன.

'பேப்பர்தானே, அவங்க நிம்மதியா இருந்தா சரி' என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அந்தப் பத்திரத்தை நம்பி அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொள்கிறார். சட்டத்தின் கண்ணில் முதல் கல்யாணம் உயிரோடு இருக்கிறது என்றால், முதல் மனைவி புகார் கொடுத்தால் இருதார வழக்கு, ஏழு வருடம் வரை ஜெயில். இரண்டாவதாக வந்தவள் சட்டப்படி மனைவியே இல்லை. நாளைக்கு அவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்றால்? வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் ஆபீஸில். அங்கே பஞ்சாயத்து சீல் செல்லாது. ரெண்டு பெண்களும் அழுதுகொண்டே அடித்துக்கொள்வார்கள். ஆண்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊர் முன்னால் மொத்தமாகக் கொடுத்தவர் கோர்ட்டில் மறுபடி கொடுக்க வேண்டி வரலாம்.

எனக்கு ரொம்ப வலிப்பது குழந்தைகள் விஷயம். பையன் உனக்கு, பெண் எனக்கு என்று படகையும் வலையையும் பிரிப்பது மாதிரி பிரிக்கிறார்கள். 1956-ம் வருட காப்பாளர் சட்டம், குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. ஐந்து வயதுக்குள் என்றால் சாதாரணமாக அம்மாவிடம். யாரிடம் இருந்தாலும் இன்னொருவர் பார்க்க அனுமதி கேட்கலாம். பிள்ளையைக் கண்ணிலேயே காட்ட மாட்டேன் என்று சொல்ல ஊருக்கு அதிகாரம் இல்லை.

'என்ன இருந்தாலும் அப்பாதானே கார்டியன்' என்பவர்களுக்கு நம்ம காமர்ஸ் உதாரணம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கி பத்திரம் வாங்கப் போனார். அப்பா கையெழுத்து கொண்டு வா என்றார்கள். விடவில்லை அவர். 1999-ல் உச்ச நீதிமன்றம், அப்பா உயிரோடு இருக்கும்போதே அம்மாவும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்றது.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். கோர்ட் என்றால் வருஷக்கணக்கு, வக்கீல் ஃபீஸ், கேளம்பாக்கம் போய் பஸ் மாறி செங்கல்பட்டு போய்வந்தால் ஒரு நாள் வியாபாரம் போச்சு. அத்தனையும் நிஜம். கூடையோடு மீன் விற்கிற ஒரு அக்காவுக்கு வாய்தா என்பது பட்டினி. ஆனால் சொல்லாமல் மறைக்கிற விஷயங்களும் இருக்கின்றன. 1987-ம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். போன் 15100. கணவன் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது கட்டுக்கதை. 2003 திருத்தத்துக்குப் பிறகு இந்து மனைவி தான் இருக்கிற ஊரிலேயே போடலாம். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் சம்மதித்தால் வழக்கமான ஆறு மாதக் காத்திருப்பைக்கூட தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் தளர்த்தலாம், இது 2017 தீர்ப்பு. அடி உதை என்றால் விவாகரத்தே கேட்க வேண்டாம். 2005-ம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தில், அந்த வீட்டிலேயே இருக்கிற உரிமையைக் கேட்கலாம். 'அனுசரிச்சுப் போம்மா' என்று திருப்பி அனுப்புகிற பெரியவர்கள் அந்தச் சட்டத்தை ஒரு தடவை படித்துவிட்டு அனுப்பட்டும்.

பஞ்சாயத்தை மூடச் சொல்லவில்லை. பேசி ஒத்துப்போனதை முத்திரைத்தாளில் புதைக்காமல், அந்த ஒப்பந்தத்தையே பரஸ்பர சம்மத மனுவாகச் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அனுப்புங்கள். பேசுகிற இடத்தில் பெண்களையும் உட்கார வையுங்கள், நிற்க வைக்காதீர்கள். மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஒரு சுவரில் 15100 என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். பெயிண்ட் செலவு நான் தருகிறேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, வெறும் பி.காம். உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு என் பதிவை நம்பிக் கையெழுத்து போடாதீர்கள். அந்த நம்பருக்கு போன் போடுங்கள். ஆனால் யார் நீட்டினாலும், எந்த முத்திரைத்தாளிலும், அதற்கு முன்னால் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.