ஆடுகளம் கட்டியாயிற்று; சங்கத்தை நடத்துவது யார்?

ஸ்குவாஷ் என்றதும் நம் வீடுகளில் பலருக்கும் நினைவுக்கு வருவது பாட்டிலில் விற்கும் ஆரஞ்சுப் பழரசம்தான். நான் எழுத வந்திருப்பது அதே பெயர் கொண்ட விளையாட்டைப் பற்றி. நான்கு சுவர்களுக்குள் இருவர் நின்று, சின்னஞ்சிறு ரப்பர் பந்தைச் சுவரில் மாறி மாறி அடித்து ஆடும் ஆட்டம் அது. இங்கிலாந்தில் ஹாரோ பள்ளிக்கூடத்தில் பிறந்து, வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு நம் நாட்டுக் கண்டோன்மெண்டுகளுக்கும் கிளப்புகளுக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது இதைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. 2028-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம் பெறுகிறது. 2005, 2009, 2013 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை ஒலிம்பிக் கதவைத் தட்டி வெறுங்கையோடு திரும்பிய விளையாட்டு இது. கடைசியில் கதவு திறந்தது நம் நாட்டு மண்ணில்தான். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்த முடிவை எடுத்தது. ஆகவே இனி நம் பிள்ளைகளில் யாராவது ‘நானும் ஸ்குவாஷ் ஆடுகிறேன்’ என்று சொன்னால், ‘அதெல்லாம் பணக்காரர் விளையாட்டு’ என்று தட்டிக்கழிக்க முடியாது.

ஆட்டக்காரர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆட்டத்தை நடத்துகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு விளையாட்டு ஓர் ஊரில் வாழ்வதும் அழிவதும் அதை நடத்தும் சங்கத்தைப் பொறுத்தது என்பது என் தாழ்மையான கருத்து. நம்மைப் போல் பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு பங்கும் ஒரு பொறுப்பும் இருக்கின்றன என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கடல் நடுவே ஒரு நிர்வாகம்

முதலில் வெகு தொலைவில் உள்ள ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். உலக ஸ்குவாஷ் சம்மேளனம் உலகத்தை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று ஓஷியானியா. ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் அதில் பெரிய அண்ணன்மார். 1962 முதல் 1977 வரை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வரிசையாக 16 முறை வென்ற ஹெதர் மெக்கே ஆஸ்திரேலியாக்காரர்தான். ஆனால் அதே வட்டாரத்தில் ஃபிஜி, பப்புவா நியூகினி, சமோவா, குக் தீவுகள் போன்ற சின்னஞ்சிறு தீவு நாடுகளும் உண்டு.

ஃபிஜி என்றதும் நமக்கு ஒரு சொந்தம் தோன்றும். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன இடம் அது. அவர்களும் மற்றத் தென்னிந்தியரும் சேர்ந்து 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது.

அந்தத் தீவுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு விளையாட்டுச் சம்மேளனத்தை நடத்துவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபிஜியின் சுவாவிலிருந்து பப்புவா நியூகினியின் போர்ட் மோர்ஸ்பிக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல். நம் திருவனந்தபுரத்திலிருந்து தில்லிக்குக் கேரளா எக்ஸ்பிரஸில் போகும் தூரம் அது. நடுவில் தண்டவாளம் இல்லை, கடல்தான். சமோவாவில் திங்கட்கிழமை விடியும்போது குக் தீவுகளில் ஞாயிற்றுக்கிழமைதான். ‘திங்கள் காலை கூட்டம்’ என்று செயலாளர் கடிதம் எழுதினால், யாருடைய திங்கள் என்றும் எழுத வேண்டும்!

ஒரு தீவில் ஆடுகிறவர்களே சொற்பம். அவர்களைச் சேர்த்துப் போட்டி வைக்க வேண்டும். விமானக் கட்டணம் திரட்ட வேண்டும். நடுவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வகுப்பு நடத்த வேண்டும். ஆட்ட முடிவுகளைப் பதிவு செய்ய வேண்டும். ஊக்கமருந்துச் சோதனை விதிகளைக் கற்பிக்க வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும். மேலும், பெரிய நாடு இரண்டும் எல்லாவற்றையும் தாங்களே எடுத்துக்கொள்ளாமல், சிறிய தீவுக்கும் ஒரு போட்டி, ஒரு பயிற்சி முகாம், ஒரு குரல் கிடைக்கும்படி பார்க்க வேண்டும். வட்டார நிர்வாகத்தின் தர்மம் இந்தக் கடைசி வேலையில்தான் அடங்கியிருக்கிறது. மையத்தில் இருப்பவனுக்குச் சம்மேளனம் இல்லாவிட்டாலும் ஆட்டம் கிடைத்துவிடும். ஓரத்தில் இருப்பவனுக்குச் சம்மேளனம்தான் கதி.

சென்னை சொல்லும் பாடம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1967-ல் சர்வதேச ஸ்குவாஷ் சம்மேளனம் உருவானபோது அதன் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனாலும் நெடுங்காலம் ஆட்டம் கிளப்புகளிலும் ராணுவ முகாம்களிலும்தான் கிடந்தது. நம் தேசியச் சம்மேளனம் சென்னையில் நிலைகொண்டு, நேரு பூங்காவில் பயிற்சி மையமும் அமைந்த பிறகு காட்சி மாறியது. சைரஸ் போஞ்சாவும், மலேசியாவிலிருந்து வந்த மேஜர் மணியமும் அங்கே பயிற்சி தந்தார்கள். கொல்கத்தாப் பையன் சௌரவ் கோஷல் சென்னைக்கு வந்து தங்கிப் பயின்றார். 2004-ல் அவரும் 2005-ல் ஜோஷ்னா சின்னப்பாவும் பிரிட்டிஷ் ஜூனியர் பட்டங்களைக் கொண்டுவந்தார்கள். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் ஜோஷ்னாவும் தீபிகா பள்ளிக்கலும் இரட்டையர் தங்கம் வென்றார்கள். அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணி தங்கம் பெற்றது. 2025 டிசம்பரில் சென்னையிலேயே நடந்த உலகக் கோப்பையை இந்திய அணி வென்றது.

சென்னை மக்களுக்கு மட்டும் மணிக்கட்டில் தனி வலு ஏதும் இல்லை. ஓர் அலுவலகம், ஒரு பயிற்சி மையம், ஆண்டு முழுவதற்கும் ஒரு போட்டிக் கால அட்டவணை, இவை ஓரிடத்தில் சேர்ந்தன. ஆட்டமும் அங்கே செழித்தது. சென்னைக்காரரான என். ராமச்சந்திரன் 2008 முதல் 2016 வரை உலகச் சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தப் பாடத்துக்கு மறுபக்கமும் உண்டு. எல்லாம் ஓர் ஊரில் குவிந்தால் மற்ற மாநிலங்கள் தீவுகளாகிவிடும். நல்ல ஆட்டக்காரன் வளர்ந்தால் அவனைச் சென்னைக்கு ரயிலேற்றுவதே மாநிலச் சங்கத்தின் வேலை என்று ஆகிவிடும். ரயிலேற வசதியில்லாத குழந்தையின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

நம் ஊர் நிலவரம்

கேரளத்துக்கு விளையாட்டு நிர்வாகம் புதிதல்ல. ஜி.வி. ராஜா என்று நாம் அறிந்த கர்னல் கோதவர்ம ராஜா, இந்த நகரத்தில் டென்னிஸ் கிளப் தொடங்கியவர். இந்த மாநிலத்தின் விளையாட்டுக் கவுன்சிலுக்கு அடித்தளம் போட்டவர். அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் நாள்தான் கேரள விளையாட்டு தினம். மெடல் வாங்கியவர் பெயரில் நாள் கொண்டாடும் நாட்டில், நிர்வாகம் செய்தவர் பெயரில் நாள் கொண்டாடும் மாநிலம் இது. அந்தப் பெருமை சாதாரணமானதல்ல.

2015-ல் 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் கேரளத்தில் நடந்தபோது, பாளையம் சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் ஸ்குவாஷ் கோர்ட்டுகள் எழுந்தன. மழைக்கு ஒதுங்கவே பாதி ஆண்டு போய்விடும் ஊர் இது. இடவப்பாதி முடிந்து மூச்சு விடுவதற்குள் துலாவர்ஷம் வந்துவிடும். கூரைக்குக் கீழே ஆடும் ஒரு விளையாட்டு இந்த ஊருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை 15 மணி நேரம். ஒரு ஜோடிக்கு முக்கால் மணி என்றால் ஒரே கோர்ட்டில் ஒரு நாளைக்கு 20 ஜோடி, அதாவது 40 பேர் ஆடலாம். 32 அடி நீளம், 21 அடி அகலம் உள்ள ஓர் அறைக்கு இது அபாரமான பயன். ஆனால் அந்த 40 பேரை வரவழைப்பது யார்? நேரப் பட்டியலை எழுதிக் கதவில் ஒட்டுவது யார்? ராக்கெட் வாங்க முடியாத அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்றை இரவல் தருவது யார்? கட்டடம் கட்டக் காண்ட்ராக்டர் போதும். இதற்கெல்லாம் ஒரு நல்ல செயலாளர் வேண்டும். எந்த ஊரிலும் இதுதான் நிலைமை.

நியாயமும் வேண்டும்

சுறுசுறுப்பு மட்டும் இருந்தால் போதாது, நிர்வாகத்தில் நியாயமும் வேண்டும். அதே 2015-ல் தேசிய ஸ்குவாஷ் சாம்பியன்ஷிப் கேரளத்தில் நடந்தது. ஆண் சாம்பியனுக்குப் பரிசு 1,20,000 ரூபாய், பெண் சாம்பியனுக்கு 50,000 ரூபாய். தீபிகா பள்ளிக்கல் அதில் ஆட மறுத்தார். பரிசு சமமாக இல்லாததால் அதற்கு முந்தைய சில ஆண்டுகளும் அவர் தேசியப் போட்டியைப் புறக்கணித்தே வந்தார். 2016-ல் பரிசுத் தொகை சமமாக்கப்பட்டது; அவரும் திரும்பி வந்து பட்டத்தை வென்றார்.

‘இவ்வளவு சிறிய தொகைக்கு இவ்வளவு பிடிவாதமா?’ என்று அப்போது கேட்டவர்கள் இருந்திருக்கலாம். ஒரே கோர்ட், ஒரே பந்து, ஒரே வியர்வை. கூலியில் மட்டும் பாதிக்கும் கீழே என்றால், ஒரு பெண் குழந்தையின் தகப்பனாக இருப்பவர் எந்தத் தைரியத்தில் மகள் கையில் ராக்கெட்டைக் கொடுப்பார்? 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களின் நிர்வாகக் குழுவில் விளையாட்டு வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் சட்டம் தில்லியில் இருக்கிறது, ஆடுகளம் நம் தெருவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நல்ல மனிதர்கள் உட்கார்ந்தால்தான் அது பலிக்கும்.

நாம் செய்ய வேண்டியது

தீபிகாவின் கதையில் நமக்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது. அவர் சென்னையில் வாழும் மலையாளக் குடும்பத்துப் பெண். தாயார் சூசன் இட்டிச்செரியா இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணியில் ஆடியவர். கேரளத்து வேர் கொண்ட அந்தப் பெண் தமிழ்நாட்டுக்காக ஆடினார். தமிழ்நாடு அவரைத் தன் மகளாகவே கொண்டாடியது. அப்படியிருக்க, கரமனையிலும் சாலையிலும் வலியசாலையிலும் வளரும் நம் பிள்ளைகள் கேரளத்துக்காக ஆடுவதில் நமக்கு ஏன் தயக்கம்? ‘நாம் வந்தேறிகள், நம்மைத் தேர்வு செய்வார்களா?’ என்று சில வீடுகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பிறந்தது இங்கே, படிப்பது இங்கே, ரேஷன் கார்டு இங்கே. பிள்ளை ஆடுவதும் இங்கேதான் என்பதே என் கட்சி. மாமா வீடு சென்னையில் இருக்கிறது என்பதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையை அனுப்பி வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

ஆனால் உரிமை கேட்கிறவர் உழைப்பும் தர வேண்டும். சங்கம் நடத்துவது எப்படி என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பொங்கல் விழாவுக்கு வசூல் செய்கிறோம், பட்டிமன்றத்துக்குப் பேச்சாளரை வரவழைக்கிறோம், வரவு செலவைப் பைசா சுத்தமாக எழுதி ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கிறோம். ஃபிஜித் தமிழர்கள் தங்கள் சங்கத்தின் ஈஸ்டர் மாநாட்டோடு கால்பந்துப் போட்டியையும் சேர்த்தே நடத்திக் காட்டுகிறார்கள். நம்மில் ஓய்வு பெற்ற ஏ.ஜி. ஆபீஸ் கணக்காளர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வங்கி அதிகாரிகள் இருக்கிறார்கள். எந்த விளையாட்டுச் சங்கத்துக்கும் பொருளாளர் கிடைப்பதுதான் அரிது. தலைவர் பதவிக்குத்தான் வரிசை நிற்கும்!

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: பிள்ளையை ஆடுகளத்தில் விட்டுவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பாதீர்கள். மாவட்டச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள், ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். இரண்டு: நடுவர் பயிற்சி வகுப்பு எங்கே நடந்தாலும் நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் மூவர் சேரட்டும். நடுவர் இல்லாமல் போட்டி இல்லை. மூன்று: நம் சங்க ஆண்டு விழாவில் பாட்டுக்கும் கோலத்துக்கும் தரும் பரிசோடு, விளையாட்டில் மாவட்ட அளவில் ஆடிய பிள்ளைகளுக்கும் ஒரு பரிசு வையுங்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே தொகையாக வையுங்கள்.

சமோவாவிலும் ஃபிஜியிலும் கடல் தாண்டி ஆட்டம் நடத்துகிறார்கள். நாம் தாண்ட வேண்டியது எம்.ஜி. ரோடு ஒன்றுதான். அடுத்த ஆண்டுக் கூட்ட அறிவிப்பு எந்த விளையாட்டுச் சங்கத்திலிருந்து வந்தாலும், நம்மில் ஒருவராவது கைப்பையில் ஒரு பேனாவோடு அங்கே போய் உட்காருவோமா?