லொறிக்குப் போகும் மகனுக்கு



பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை போகும் வீதியில், லொறியோடு சம்பந்தமில்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உப்பு, சீமெந்து, கருவாடு, மீன், பீற்றூட், வெங்காயம், மிளகாய் என்று நம் பக்கத்திலிருந்து வெளியே போவதெல்லாம் லொறியில்தான் போகிறது. ஆனால் லொறிக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. சென்ற மாதம் முந்தல் பக்கம் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில், "மிஸ், மகனுக்கு ஹெவி லைசன் கிடைச்சிட்டு. கிளீனரா இருந்தவன் இனி டிரைவராம். எனக்கு இரவில நித்திரை வருதில்ல" என்றார் ஒரு தாய். அவருக்குச் சொன்னதையும், பழைய சாரதிகளிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து இம்மாதம் எழுதுகிறேன். வாசித்துவிட்டு மகனிடமோ கணவரிடமோ கொடுங்கள்.

முதலில் நித்திரை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் பிள்ளைகள் ஓடுவது பெரும்பாலும் இரவில். தோட்டத்தில் மாலையில் ஏற்றிய மரக்கறி, விடியுமுன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலோ, 2020இல் பேலியகொடைக்கு மாறிய மெனிங் சந்தையிலோ இறங்க வேண்டும். பிந்தினால் விலை விழும். ஆகவே எல்லோரும் விரைவுபடுத்துவார்கள். மனித உடம்போ அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் எப்படியும் நித்திரையைத் தேடும். அனுபவமுள்ள சாரதிக்கும் இதில் விலக்கு இல்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் லொறியில் மூன்று செக்கன் கண் சொருகினால், வண்டி 50 மீற்றர் தூரம் சாரதியில்லாமல் போகிறது. 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்ததும் அதிகாலையில்தான். காரணங்கள் பலவிதமாகப் பேசப்பட்டன. நான் சொல்ல வருவது அந்த நேரத்தைப் பற்றி.

கண் எரிவது, அடிக்கடி கொட்டாவி, கடந்து வந்த ஊர் நினைவில் இல்லாமை, வண்டி வெள்ளைக்கோட்டைத் தொடுவது, இவையெல்லாம் நிறுத்தச் சொல்லும் அடையாளங்கள். கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும், பாட்டைச் சத்தமாகப் போடுவதும் சிறிது நேரத்துக்குத்தான் உதவும். வீதியை விட்டு விலகி, வெளிச்சமுள்ள இடத்தில், எரிபொருள் நிலையமானால் இன்னும் நல்லது, நிறுத்த வேண்டும். ஒரு கோப்பை கோப்பி குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடினால், கோப்பி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழும்பலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நாலரை மணித்தியாலம் ஓட்டிய லொறிச் சாரதி 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். வண்டியிலுள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது. நம் லொறிகளில் அப்படிக் கருவி இல்லை. ஆகவே நம் பிள்ளைதான் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும்.

இங்கே வீட்டுக்கும் பங்குண்டு. இரவு ஓட இருக்கும் பிள்ளை பகலில் படுத்தால், "ஆம்பிளப் பிள்ள பகலில படுக்கிறதா" என்று சொல்லாதீர்கள். கலியாண வீட்டுக்கும் கடைக்கும் ஏவாதீர்கள். சிறுபிள்ளைகளைச் சற்று அப்பால் விளையாட விடுங்கள். அவர் ஓட்டும்போது தொலைபேசி எடுக்காதீர்கள். புறப்படும்போது ஒன்று, நிறுத்துமிடத்தில் ஒன்று, இறக்கி முடிந்ததும் ஒன்று என்று அவரே எடுக்கும் ஒழுங்கைப் பேசிவைத்துக் கொள்ளுங்கள். மனைவி பத்துத் தடவை அழைத்தால் அவர் எடுத்துத்தான் பார்ப்பார்.

நித்திரையை விரட்ட "ஐஸ்" கொடுக்கும் கூட்டம் நம் கரையோரத்தில் இருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. "ஒரு ட்ரிப்புக்கு மட்டும்" என்றுதான் தொடங்குவார்கள். பிள்ளை இரண்டு நாள் நித்திரையில்லாமலும் பசியில்லாமலும் திரிந்து, பிறகு ஒரேயடியாகச் சரிந்து படுத்தால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். ஏசுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

அடுத்தது வீதி. கற்பிட்டி மணல் சமதரையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு மலைநாடு புதிது. கடுகண்ணாவை போன்ற இறக்கத்தில், ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிகள் எல்லோரும் சொல்லும் பாடம். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைக்க வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

அநுராதபுரம் போகும் வீதியில் கருவலகஸ்வெவ, சாலியவெவப் பக்கம் இரவில் யானை நிற்கும். தூரத்திலேயே நிறுத்தி, வெளிச்சத்தைத் தாழ்த்தி, ஹோர்ன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும். படம் எடுக்க இறங்குவது பைத்தியக்காரத்தனம். அதே வீதியில்தான் 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலின்போது, கலாஓயா பெருகிப் பயணிகள் பஸ் ஒன்று வெள்ளத்தில் சிக்கியது. பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், முன்னால் போன லொறி கடந்துவிட்டது என்பது நமக்கு உத்தரவாதம் ஆகாது. கொழும்பு வீதிப் பக்கம் சிலாபம், மாதம்பை என்று ரயில் பாதையும் கூடவே வருகிறது. 2005 ஏப்ரலில் பொல்கஹவெலவுக்கு அருகே யாங்கல்மோதரக் கடவையில் ரயில் மோதி ஒரு பஸ்ஸில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கடவையில் வரிசையை முந்திப் போவதால் மிச்சமாவது சில நிமிடங்களே.

சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரத்தைச் சமமாக ஏற்றாவிட்டால் வளைவில் வண்டி சரியும். கொஞ்ச தூரம் ஓடியபின் நிறுத்திக் கயிற்றையும் படங்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மூட்டை அமர அமரக் கயிறு தளரும். உப்பு ஏற்றும் லொறியானால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், பிரேக் குழாய் துருப்பிடிப்பது வெளியே தெரியாது. மீன் கூலரிலிருந்து வடியும் தண்ணீர் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளைச் சறுக்கி விழுத்தும்.

ஆனால் தாய்மார் அதிகம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சரக்கு என்ன என்று தெரியாமல் ஏற்றக் கூடாது. நம் கரையோரத்தில் கடல் வழியாக வந்த மஞ்சளும் பீடி இலையும் பிடிபடுவது புதிய செய்தியல்ல. பிடிபடும்போது லொறியில் இருப்பது சாரதியும் கிளீனரும்தான். சரக்குக்காரர் வீட்டில் இருப்பார். "கருவாட்டு மூட்டைதான், இரவில வந்து ஏத்து, வழக்கத்த விட இரண்டு மடங்கு தாறன்" என்று புதிய சாரதியைத்தான் தேடி வருவார்கள். பழையவர்கள் ஏன் அந்த ஹயரை எடுக்கவில்லை என்று பிள்ளை கேட்க வேண்டும். மணலும் அப்படியே. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் கையில் இல்லாமல் மணல் ஏற்றினால், முதலாளி "பின்னால கொண்டு வாறன்" என்று சொன்னது நீதிமன்றத்தில் உதவாது. மரமும் மாடும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வருமான வரிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ் எல்லாம் காலாவதியாகாமல் வண்டியில் இருக்கின்றனவா என்று திறப்பை வாங்குமுன் பார்க்கட்டும்.

சம்பளம். நான் சமூகவியல் படித்த காலத்தில் உழைப்பு, ஆபத்து, இலாபம் என்று பெரிய பெரிய சொற்களில் எழுதிப் பரீட்சை எழுதினோம். லொறியில் அது வெகு எளிதாகத் தெரிகிறது: இலாபம் ஓரிடத்தில், ஆபத்து ஓரிடத்தில். ட்ரிப் கணக்கில் கூலி கொடுப்பதால் ஊழியர் சேமலாப நிதி இல்லை என்று பல முதலாளிமார் சொல்கிறார்கள். அது சரியல்ல. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி, தற்காலிகமாக வேலை செய்பவருக்கும், வேலைக்கேற்பக் கூலி பெறுபவருக்கும் உரிமை உண்டு. சம்பளத்தில் 8 வீதம் ஊழியரிடமிருந்து, 12 வீதம் முதலாளியிடமிருந்து. நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முதலாளியே கட்ட வேண்டும். வேலையின்போது விபத்து நேர்ந்தால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனால் வேலை செய்தார் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டுமே. ஆகவே ஒரு கொப்பியில் திகதி, லொறி இலக்கம், எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு, எவ்வளவு கைக்கு வந்தது என்று ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைக்கு நேரமில்லாவிட்டால் நீங்கள் எழுதுங்கள். கணவனை விபத்தில் இழந்த ஒரு சகோதரியோடு தொழில் அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். கணவர் யாருடைய லொறியை, எத்தனை வருடம் ஓட்டினார் என்பதை நிரூபிக்கவே அவருக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. கொப்பியும், வங்கியில் போட்ட சிட்டையும், முதலாளியின் தொலைபேசிச் செய்தியும் அப்போது கைகொடுக்கும்.

கொடுத்தனுப்பும் சாப்பாட்டையும் பாருங்கள். பெரிய சோற்றுப் பார்சல் கண்ணைச் செருக வைக்கும். சிறிதாக இரண்டு தடவைக்குக் கட்டுங்கள். அவித்த கடலை, வாழைப்பழம், இரண்டு போத்தல் தண்ணீர். சிறுநீரை அடக்கிக்கொண்டு ஓட்டுவதும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் விடுவதும் சாரதிமாரின் பழக்கம். சிறுநீரகத்தில் கல் வந்த பிறகுதான் பலர் மாற்றிக் கொள்கிறார்கள்.

வண்டியில் டோர்ச், முக்கோணப் பலகை, சில்லுக்கு வைக்கும் கட்டை இருக்கட்டும். பழுதாகி நின்றால் முதலில் கட்டை, பிறகு பலகை, அதன்பின்தான் போனெட். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. பெயர், இரத்த வகை, இருக்கும் வருத்தம், வீட்டு இலக்கம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி லைசனோடு வைத்துவிடுங்கள். சிங்களத்தில் எழுதத் தெரியாவிட்டால் பாடசாலைப் பிள்ளை ஒன்றைக் கொண்டு எழுதுவியுங்கள். அநுராதபுரத்திலோ தம்புள்ளையிலோ அதை எடுத்து வாசிக்கப் போகிறவர் தமிழ் தெரியாதவராக இருக்கலாம்.