வடிகுழாயின் வறட்சியும் காற்றின் வறட்சியும்

அழுத்திய காற்றில் நீர் சேர்வதை மழைக்காலத்துத் தொல்லையாகவே நம் தொழிற்சாலைகளிற் பலரும் கருதுகின்றனர். ஜூலை மாதத்தில் வடிகுழாய் ஓயாது ஒழுகுகிறது. மே மாதத்தில் வறண்டு கிடக்கிறது. எனவே உலர்த்தும் கருவிக்குக் கோடை ஓய்வுக்காலம் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை இதற்கு நேர்மாறாக இருத்தல் கூடும்.

பம்பாயை ஒத்த கடற்கரை நகரில் மழைக்கால வெப்பநிலை 30 டிகிரி சென்டிகிரேட், ஈரப்பதம் 80 சதவிகிதம் எனக் கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் எட்டு மடங்குக்கு அழுத்தி, 40 டிகிரிக்குக் குளிர்வித்தால், ஒரு கன மீட்டருக்கு 190 கிராம் அளவில் நீர் சேர்கிறது. ஆனால் அவ்வெப்பநிலையில் காற்று தாங்கவல்லது 51 கிராமே. எஞ்சிய ஏறத்தாழ 140 கிராமும் வழியிலேயே வடிந்துவிடும்.

இனி, நாகபுரியின் மே மாதப் பிற்பகலை நோக்குவோம். வெப்பநிலை 45 டிகிரி, ஈரப்பதம் 15 சதவிகிதம் என்றால், கன மீட்டருக்குச் சுமார் 10 கிராம் நீராவிதான் உண்டு. அழுத்தியபின் அது 80 கிராமிற்குச் சற்றுக் குறைவாகிறது. வெளிக்காற்றே அனலாயிருக்கையில், அக்காற்றைக் கொண்டு குளிர்விக்கும் சாதனம் 50 டிகிரிக்குக் கீழே இறக்குவது அரிது. 50 டிகிரியில் காற்று 83 கிராம் தாங்கும். ஆதலால் ஒரு துளியும் வடிவதில்லை. அவ்வளவும் ஆவியாகவே உலர்த்திக்குள் நுழைகிறது.

வெப்பமூட்டி இயங்கும் உலர்த்தியில் இரு கலங்கள் உண்டு. கிளர்வூட்டிய அலுமினா அல்லது சிலிக்கா ஜெல் மணிகள் அவற்றில் நிரப்பப்பட்டிருக்கும். ஒரு கலம் காற்றின் ஈரத்தைக் கவர்கையில், மற்றதனுள் 150 முதல் 200 டிகிரி வரை சூடேற்றிய காற்று எதிர்த்திசையிற் செலுத்தப்பட்டு, பிடித்துவைத்த நீர் வெளியேற்றப்படுகிறது. சில மணி நேரத்திற்கு ஒருமுறை கலங்கள் பணி மாறுகின்றன. காற்றின் பனிநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 40 டிகிரி வரை இறங்குகிறது.

இங்கே ‘உறிஞ்சுதல்’ என்ற சொல்லை ஆள்வது எனக்கு உடன்பாடன்று. மணிகள் நீரைக் குடித்துக் கரைவதில்லை. தம் நுண்துளைகளின் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கின்றன. ‘பரப்புக்கவர்ச்சி’ என்பதே பொருந்தும். இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. வெப்பத்தால் தளர்வதுதான் அந்தப் பிடிப்பின் இயல்பு. 180 டிகிரியில் நீரை விட்டுவிடும் மணி, 50 டிகிரிக் காற்று வரும்போதும் முழு வலிமையுடன் அதைப் பற்றாது. ஆகவே கோடையில் சுமை கூடுகிறது, தாங்கும் திறனும் குறைகிறது.

தயாரிப்பாளர் விவரப்பட்டியல்கள் பெரும்பாலும் உள்வரும் காற்றை 35 அல்லது 38 டிகிரி எனக் கொண்டு கருவியின் அளவைக் கூறுகின்றன. 35 டிகிரியில் ஈரம் கன மீட்டருக்கு 40 கிராமே. அதை நம்பி வாங்கிய கருவி, மேற்கூறிய பிற்பகலில் ஏறத்தாழ இருமடங்கைச் சுமக்க வேண்டியிருக்கும். கலம் தன் முறை முடியுமுன்னரே நிரம்பிவிடும். நீராவி கருவிகளின் வால்வுகளையும் வண்ணம் தெளிக்கும் குழல்களையும் சென்றடையும். இதற்காகப் பெரிய கலங்களை வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. உலர்த்திக்கு முன்னால் நீராற் குளிர்விக்கும் சாதனமொன்றை அமைத்துக் காற்றை 35 டிகிரிக்கு இறக்கினால், பாதிச் சுமை அங்கேயே வடிந்துபோகும். கொள்முதல் அறிவிப்புகளிலும் ஆண்டுச் சராசரிக்குப் பதிலாக மே மாத வெப்பநிலையையே குறிப்பிடுதல் வேண்டும்.

வெப்பமில்லா உலர்த்தியே மலிவு என்பாரும் உளர். சிறு பட்டறைக்கு அது தகும். ஆனால் அது தன் மணிகளை உலர்த்திக்கொள்ள, உலர்ந்த காற்றிலேயே 15 சதவிகிதம் அளவிற்குச் செலவிடுகிறது. நிமிஷத்திற்கு 20 கன மீட்டர் காற்று தேவைப்படும் ஆலையில் இது 3 கன மீட்டராகும். அதை அழுத்துவதற்கு மட்டும் சுமார் 18 கிலோவாட் மின்சாரம் இடைவிடாது செலவாகும். வெப்பமூட்டிக்கும் மின்சாரம் வேண்டுமென்பது மெய்யே. எனினும் கலங்களைக் கடிகாரத்தின்படி மாற்றாமல், பனிநிலைமானி காட்டும் அளவின்படி மாற்றினால், தில்லியின் ஜனவரிக் குளிரில் மணிகள் நிரம்ப நெடுநேரமாகும். அதுவரை வெப்பமூட்டி அணைந்தே கிடக்கும்.