பூஸ்ட் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி, பழைய கஸ்டமருக்கு ஒரு போன் போடுங்க



திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். சனி, ஞாயிறுல வீட்டிலேயே கேக் செஞ்சு விக்கிறீங்க, இல்லைனா டியூஷன் எடுக்கிறீங்க, போட்டோ எடுக்கப் போறீங்க. ஆர்டர் குறைஞ்சதும் நம்மில் பலர் முதலில் செய்யறது, சம்பளத்துல இருந்து 3,000 ரூபாய் எடுத்து இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் போடுறதுதான். முதல் 50 கஸ்டமர் சேரும் வரைக்கும் அது தேவையில்லாத செலவு என்பது என் கருத்து. அந்த 50 பேரும் ஏற்கனவே வாங்கினவங்க சொல்லித்தான் வரணும்.

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேக் விலை 900 ரூபாய். பொருள், பாக்ஸ், கேஸ் எல்லாம் சேர்த்து 500 செலவு. மிச்சம் 400. 3,000 ரூபாய் விளம்பரத்துல 5 ஆர்டர் வந்தால், ஒரு ஆர்டரைப் பிடிக்க 600 ரூபாய் ஆகுது. அதாவது ஒவ்வொரு கேக்குக்கும் 200 ரூபாய் கைக்காசு போகுது. உங்க உழைப்புக்கு கூலியும் இல்லை.

இப்போ இன்னொரு வழி. புதுசா வர்றவருக்கு 100 ரூபாய் தள்ளுபடி. அவரை அனுப்பினவருக்கு, அவரோட அடுத்த ஆர்டர்ல 100 ரூபாய் தள்ளுபடி. மொத்தச் செலவு 200. மிச்சம் 200 உங்க கையில நிக்குது. அனுப்பினவரும் அந்தத் தள்ளுபடிக்காகவே திரும்ப வருவார்.

ரொக்கமா கொடுக்காதீங்க. காசு வாங்கினால் நண்பர் தரகர் ஆயிடுவார். அவர் பேச்சுக்கு மதிப்பு குறையும். டிராப்பாக்ஸ் கம்பெனியும் காசு கொடுக்கலை. சேர்த்துவிட்டவருக்கும் சேர்ந்தவருக்கும் கூடுதல் ஸ்டோரேஜ் கொடுத்தாங்க. 2008 செப்டம்பர்ல 1 லட்சமா இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில 40 லட்சம் ஆனதுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

சரி, எப்படிக் கேட்கிறது? "யாருக்காவது வேணும்னா சொல்லுங்க"ன்னு பொதுவா கேட்டால் யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. "கேக் சூப்பர்"னு மெசேஜ் வந்த அடுத்த நிமிஷம் கேளுங்க: "ரொம்ப சந்தோஷம்க்கா. உங்க அபார்ட்மென்ட்ல அடுத்த மாசம் யார் வீட்டுலயாவது பிறந்தநாள் வருதா?" கூடவே அப்படியே ஃபார்வர்ட் பண்ற மாதிரி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்புங்க. ஒரு போட்டோ, விலை, எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், எந்த ஏரியா வரைக்கும் டெலிவரி, உங்க எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண். இவ்வளவு போதும். வீட்டுல சமைச்சு விக்கிறவங்களுக்கும் அந்தப் பதிவு கட்டாயம்.

ஆர்டர் நோட்டுல "யார் சொல்லி வந்தாங்க"ன்னு ஒரு காலம் போடுங்க. மூணு மாசத்துல ஒரு விஷயம் தெரியும்: பாதிப் பேரை அனுப்பினது ரெண்டு மூணு பேராத்தான் இருக்கும். அவங்களை நல்லா கவனிச்சுக்கோங்க. ஆர்டர் கைகூடலைன்னாலும் ஒரு நன்றி சொல்லுங்க.

ஆனா சில எல்லைகள் உண்டு. உங்க டீம்ல உங்களுக்குக் கீழ வேலை பார்க்கிறவங்ககிட்ட விக்காதீங்க. அவங்களால 'வேண்டாம்'னு சொல்ல முடியாது. சைடு பிசினஸுக்கு உங்க கம்பெனி அனுமதிக்குதான்னு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை ஒரு தடவை படிச்சுடுங்க. அப்புறம், பொருள் விக்கிறதை விட்டுட்டு ஆள் சேர்த்தாலே காசுன்னு யாராவது வந்தால், அது ரெஃபரலே இல்லை. பிரமிட் திட்டங்களை 2021 நேரடி விற்பனை விதிகள் தடை செய்யுது. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978லேயே தடைச் சட்டம் வந்தாச்சு.

கடைசியா ஒண்ணு. உங்களை ஒருத்தர் பரிந்துரைக்கும்போது, அவர் தன்னோட பேரை அடகு வைக்கிறார். கேக் லேட்டா போனால் திட்டு வாங்கறது அவர்தான். அதனால, செஞ்சு முடிக்க முடியாத ஆர்டரை ஒத்துக்காதீங்க. "இந்த வாரம் முடியாது"ன்னு நேர்மையா சொன்னால் போறது ஒரு ஆர்டர் மட்டும்தான். சொதப்பினால், அவர் மூலமா வரவேண்டிய அத்தனை பேரும் போயிடுவாங்க.

இந்த வாரம் உங்க பழைய கஸ்டமர் மூணு பேருக்கு போன் பண்ணுங்க. அந்த 3,000 ரூபாயை அதுவரைக்கும் ஆர்.டி.யில போட்டு வைங்க.