டக்டின் அடி எத்தனையில்?

குளிரூட்டப்பட்ட வசிப்பறையின் உயரம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016. எதிலிருந்து எதுவரை அளப்பது என்பதிலும் அது மழுப்பவில்லை: தரைப் பரப்பிலிருந்து டக்டின் மிகத் தாழ்ந்த இடம் அல்லது ஃபால்ஸ் சீலிங் வரை. கட்டட மாடல் வரையும் ரெவிட் மென்பொருளில் அதே டக்டைத் தொட்டால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது அதன் நடு மட்டம்; அதுவும் மாடலர் தேர்ந்தெடுத்த லெவலிலிருந்து.

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. அங்குள்ள பழைய ஷெட்டுகளில் டக்டின் உயரத்தைப் பற்றிய இந்தத் தலைவலி கிடையாது. எந்திரத்துக்கும் கூரைக்கும் நடுவே வேண்டிய அளவு வெற்றிடம். இன்று அதே வட்டாரத்தில் ஆம்பிட், இந்தியா லேண்ட் போன்ற ஐ.டி. பூங்காக்களும் டேட்டா சென்டர்களும் நிற்கின்றன. இப்படிப்பட்ட கட்டடங்களில் டக்ட், ஸ்பிரிங்க்ளர் பைப், கேபிள் ட்ரே, ஏ.சி. நீரை வடிக்கும் டிரெயின் லைன் எல்லாம் சீலிங்குக்கு மேலே ஒரு முழ இடத்துக்கு மல்லுக்கட்டுகின்றன.

கணக்குக்காக ஓர் அலுவலக மாடியை எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் 4,000 மி.மீ. ஸ்லாபும் பீமும் சேர்ந்து 750 போக, கான்கிரீட் தரையிலிருந்து பீமின் அடி 3,250. அதன்மேல் 100 மி.மீ. தரைப்பூச்சும் டைல்ஸும் வருவதால், முடிந்த தரையிலிருந்து 3,150. சீலிங் 2,700, விளக்குக்கும் சட்டத்துக்கும் 100 விட்டால் மிச்சம் 350. டக்டின் உயரம் 300, மேலும் கீழும் 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர். இடம் சரியாகத் தீர்ந்தது.

இந்த ஒரே டக்டுக்கு மூன்று எண்கள் உண்டு. கான்கிரீட் தரையிலிருந்து நடு மட்டம் 3,075; அங்கிருந்தே தகட்டின் அடி 2,925; முடிந்த தரையிலிருந்து இன்சுலேஷனின் அடி 2,800. மூன்றும் சரிதான். ஆனால் முடிந்த தரைக்கு ஒரு மீட்டர் மேலே தூணில் போட்ட கோட்டிலிருந்து டேப்பைப் பிடிக்கும் ஃபிட்டருக்குத் தேவையானது 1,800 மட்டுமே. 3,075-ஐ முடிந்த தரையிலிருந்து அடி என்று எடுத்துக்கொண்டால் பீமுக்குக் கீழே 75 மி.மீ.தான் இருக்கும், தப்பு உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது 2,925. முடிந்த தரையிலிருந்து அளந்து அந்த உயரத்தில் மாட்டினால், பீம் இல்லாத இடத்தில் டக்ட் சமர்த்தாக ஏறிவிடும். நாலைந்து துண்டு மாட்டி, அடுத்த பீமை நெருங்கும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

இன்னும் ஃபிளேஞ்சையும் தாங்கும் ஆங்கிளையும் கணக்கில் சேர்க்கவில்லை. பல மாடல்களில் இரண்டும் இருப்பதே இல்லை. இன்சுலேஷனும் இப்படி விடுபடலாம். ரெவிட்டில் அது டக்டிலிருந்து தனிப் பிரிவு. நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் மாடல்களுக்கிடையே மோதல் பார்க்கும்போது டக்டை மட்டும் தேர்ந்தெடுத்தால், கேபிள் ட்ரே ரப்பருக்குள் புதைந்திருந்தாலும் அறிக்கை சுத்தமாக வரும். சைட்டில் இடம் போதாமல் அந்த இடத்து ரப்பரைச் சீவிவிடுவார்கள். சென்னையின் ஈரக்காற்றில் டக்ட் வியர்த்து, சீலிங் பலகையில் கறை படிவதற்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

அளவு குறையும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 400 உயர டக்டை 300 ஆக்கும்போது நடுக்கோடு மாறாமல் வரைந்தால் அடி 50 மி.மீ. மேலேறும், மேற்புறம் 50 இறங்கும். அடியை நேராக வைப்பதா, மேற்புறத்தை நேராக வைப்பதா என்பது வடிவமைப்பாளரின் முடிவு. பல மாடல்களில் அந்த முடிவை மென்பொருளின் இயல்பு அமைப்புதான் எடுக்கிறது.

சென்னை மெட்ரோ வேலையில் இன்னொரு அடுக்கு சேர்கிறது. கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் 26.1 கி.மீ. நான்காம் வழித்தடம், பூந்தமல்லிப் பக்கம் தூண்களின் மேலே வந்து, கோடம்பாக்கத்தை ஒட்டி நிலத்துக்குள் இறங்குகிறது. சுரங்க நிலையங்களில் காற்றோட்ட டக்டுகள் ராட்சத அளவு. சிவில் வரைபடங்களில் உயரம் கடல்மட்டத்திலிருந்து மீட்டரில், மூன்று தசம இடத்துடன் இருக்கும். தகடு வெட்டும் பட்டறைக்கும் மாட்டும் குழுவுக்கும் தரையிலிருந்து மி.மீ. வேண்டும். எந்தப் புள்ளியைச் சுழியமாக வைப்பது என்று மாடல் தொடங்கும் முன்பே எழுத்தில் உடன்படாவிட்டால், ஒவ்வொரு துறையின் மாடலும் தனித்தனி உயரத்தில் மிதக்கும்.

இந்த இதழின் கோரிக்கை எளியது. ஷாப் டிராயிங்கில் ஒவ்வொரு டக்டுக்கும் முடிந்த தரையிலிருந்து இன்சுலேஷனின் அடி எழுதப்பட வேண்டும். நடு மட்டம் மாடலுக்குள்ளேயே இருக்கட்டும். அதற்கும் முன்னால் டிரெயின் லைனுக்கு மட்டம் கொடுக்க வேண்டும். 1:100 சரிவில் 30 மீட்டர் ஓடும் பைப் 300 மி.மீ. இறங்கியே தீரும், மேலே பார்த்த மாடியில் மிச்சமிருந்த 350-இல் அதுவே பெரும்பகுதியை விழுங்கிவிடும். டக்டைத் தட்டையாக்கலாம், வளைத்துக்கொண்டு போகலாம். சரிவில் ஓடும் நீரை அப்படிச் செய்ய முடியாது. ஏ.சி. யூனிட்டுகளை, பைப் கீழே இறங்கும் ஷாஃப்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து டிரெயினின் நீளத்தைக் குறைப்பதே வழி. அந்த இடமாற்றத்துக்குக் கட்டடக் கலைஞர் சம்மதிப்பது ஆரம்பக் கட்டத்தில்தான். டிரெயினைக் கடைசியாக வரையும் அலுவலகங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.