இலையில் என்ன, பந்தியில் யார்

தவக்காலம் தனி ஆள் விவகாரம் என்று நம் சபைகளில் முக்கால்வாசிப் பேர் நம்புகிறார்கள். எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம். மூன்றாம் ஆளுக்கு அதில் வேலை இல்லை. நான் நாற்பது நாள் கறி தொடமாட்டேன், அவர் என் மகனுக்கு ஒரு வேலையைக் காட்டிவிட வேண்டும். கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிதோறும் இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம், உடம்பு தாங்குகிறவர்களுக்கு ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு என்கிற ஒருசந்தி. தென்னிந்தியத் திருச்சபை வீடுகளில் லெந்து தொடங்கினால் பெண்கள் பூ வைப்பதில்லை, கல்யாணத் தேதி குறிப்பதில்லை, சீரியல் பார்ப்பதில்லை. குடிக்கிற ஆண்கள் சாம்பல் புதனன்று நிறுத்தி, ஈஸ்டர் ஆராதனை முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறார்கள். ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது, கழிக்காவிட்டால் நாற்பத்தாறு என்ற கணக்கு இவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

விரதத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. வயிற்றைக் காயப்போட்டு மனதைக் கூர்மையாக்குவது பழைய வழி, நல்ல வழியும்கூட. என் சண்டை அதைச் சுற்றிக் கட்டிய வேலியோடுதான். ஒரே சேகரத்தில் இரண்டு குடும்பங்கள் கமிட்டி எலெக்‌ஷனில் தொடங்கிய பகையை வருஷக்கணக்கில் வளர்க்கின்றன. லெந்துக் கூட்டத்துக்கு இரண்டு குடும்பமும் தவறாமல் வருகிறது. இவர்கள் கிழக்கு வாசல், அவர்கள் மேற்கு வாசல். இரண்டு வீட்டிலும் கறி இல்லை, பூ இல்லை. லெந்தைச் சுத்தமாக அனுசரித்ததாக இரண்டு வீட்டாரும் சாட்சி சொல்வார்கள். கேட்கிற சபையும் ஆமென் சொல்லும். அந்த ஆமென்தான் எனக்குப் பிரச்சினை.

தவக்காலம் பிறந்த கதையே வேறு. 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச் சங்கம் 20 சட்டங்களை இயற்றியது. ஐந்தாவது சட்டத்தில் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் பற்றிய பேச்சு வருகிறது. திருச்சபையின் ஏடுகளில் அந்த நாட்களைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. அதில் சாப்பாடு பற்றி ஒரு சொல் கிடையாது. ஒவ்வொரு மாகாணத்து ஆயர்களும் ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும், ஒருமுறை இந்த நாற்பது நாள் தொடங்குமுன் கூட வேண்டும் என்கிறது. எதற்காக? சபையைவிட்டு விலக்கப்பட்டவர்களின் வழக்குகளை மறுபடி எடுத்துப் பார்க்க. விலக்கிய ஆயர் அற்பக் கோபத்தாலோ வீம்பாலோ அப்படிச் செய்தாரா என்று விசாரிக்க. மனக்கசப்பெல்லாம் தீர்ந்த பிறகு கடவுளுக்குத் தூய காணிக்கை செலுத்தலாம் என்பது சட்டம் சொல்லும் காரணம். விசாரணைக் கூண்டில் நிற்பவர் விலக்கப்பட்ட ஏழையல்ல, ஆயர் என்பதைக் கவனியுங்கள். பகையைத் தீர்த்துவிட்டு வந்து நோன்பைத் தொடங்கு என்றுதான் அன்று ஒழுங்கு செய்திருந்தார்கள்.

அந்த நூற்றாண்டுகளில் தவக்காலம் இரண்டு கூட்டத்தாருக்காக இருந்தது. ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெறப் போகிறவர்கள் ஒரு கூட்டம். பெரும் பாவம் செய்து விலக்கப்பட்டு, திரும்பச் சேர வேண்டி நின்றவர்கள் இன்னொன்று. பெரிய வியாழனன்று இவர்களை மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். உள்ளே வருகிறவனுக்கும் திரும்பி வருகிறவனுக்கும் துணையாகச் சபை முழுவதும் நோன்பிருந்தது. சாம்பல் ஒருகாலத்தில் அந்தப் பாவிகளின் தலையில் மட்டும் விழுந்தது. பிற்பாடு எல்லார் நெற்றிக்கும் வந்தது. எல்லாரும் பாவிகள்தான் என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் வாசலில் நின்றவனை உள்ளே அழைத்துக்கொள்ளும் வேலை அந்த வழியில் எங்கோ தொலைந்துபோயிற்று.

387ஆம் ஆண்டு தவக்காலத்தை ஒட்டி அந்தியோக்கியாவில் வரியை எதிர்த்துக் கலவரம் மூண்டு, பேரரசரின் சிலைகள் உடைந்தன. ஊரே தண்டனைக்கு நடுங்கிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் அந்த ஊர்க் குருவான யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்க பீடத்தில் நின்றார். நோன்பிருக்கிறீர்களா, அப்படியானால் கண்ணும் காதும் கையும் நாக்கும் சேர்ந்து நோன்பிருக்கட்டும் என்பது அவர் பேச்சின் சாரம். பறவையையும் மீனையும் தொடாமல், புறம்பேசிச் சகோதரனுடைய சதையைத் தின்றால் என்ன பயன் என்று கேட்டார். நம் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் ஆண்கள் ஐக்கியத்திலும் லெந்து நாட்களில் பரிமாறப்படும் கறி அதுதான். அதற்கு மட்டும் ஒருநாளும் தடை வந்ததில்லை.

இங்கே ஒரு வாதம் வரும், கனமான வாதம்தான். இயேசுவே நோன்பை மறைவாக இருக்கச் சொன்னார் அல்லவா, முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவிக்கொள் என்றார் அல்லவா, அப்படியானால் அது தனி ஆள் விவகாரம்தானே என்பார்கள். மத்தேயு ஆறாம் அதிகாரத்தை அவர் சொன்ன வரிசையில் வாசியுங்கள். முதலில் தர்மம், அடுத்து ஜெபம், அதற்குப் பின்புதான் நோன்பு. நடுவில் அவர் கற்றுக்கொடுக்கும் ஜெபம் முழுக்கப் பன்மையில் இருக்கிறது. ஜெபம் முடிந்ததும், நோன்பைத் தொடுமுன், அவர் மறுபடி எடுத்துப் பேசுவது மன்னிப்பை மட்டும். மனிதரை மன்னிக்காதவனுக்குப் பரலோகத்திலும் மன்னிப்பில்லை என்று கறாராகச் சொல்கிறார். நோன்பை ஒளித்து இருக்கலாம். மன்னிப்பை ஒளித்துச் செய்ய முடியாது. எதிராளி வீட்டு வாசற்படி ஏறியாக வேண்டும். எளிதாக ஒளிக்கக்கூடியதை வைத்துக்கொண்டு மற்றதை நாம் விட்டுவிட்டோம்.

சாப்பாட்டு விதிகளில் நமக்குள்ள ருசி தனிக்கதை. 1983இன் திருச்சபைச் சட்டப்படி 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம். 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும்வரை ஒருசந்தி. அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டு நாள் மட்டும். இறைச்சிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறியை ஒறுத்துவிட்டு வஞ்சிரம் வறுத்துத் தின்றால் சட்டம் குறுக்கே வராது. சூரிக் நகரில் 1522ஆம் ஆண்டு லெந்து நாளில் அச்சுக்கூடக்காரர் ஒருவரின் வீட்டில் சிலர் தொத்திறைச்சியைத் தின்றதிலிருந்து ஒரு சீர்திருத்தமே கிளம்பியது. அந்த நகரத்துக் குரு ஸ்விங்லி அந்தப் பந்தியில் இருந்தும் தின்னவில்லை. தின்றவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார். விரும்பினால் நோன்பிரு, அடுத்தவன் மேல் அதைச் சுமத்தாதே என்பது அவர் கட்சி. அவர் வழிவந்த சபைகள் சிலவும் நம் தென்னிந்தியத் திருச்சபைக்குள் கலந்திருக்கின்றன. இருந்தும், லெந்தில் பிரியாணி தின்றவனைப் பற்றி நம் ஊரில் நடக்கும் விசாரணை, லெந்தில் அண்ணன்மேல் சொத்து வழக்குப் போட்டவனைப் பற்றி நடப்பதில்லை.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். சுரியானி ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் பெரிய நோன்பின் முதல் திங்களன்று சுப்கோனோ என்ற ஒப்புரவு வழிபாடு நடக்கிறது. முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட வணங்கி, குருவும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு, சமாதானம் கொடுத்துக்கொள்கிறார்கள். நோன்பின் வாசலே அதுதான். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் நோன்புக்கு முந்திய ஞாயிறே மன்னிப்பின் ஞாயிறு. அங்கெல்லாம் பகையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேரளத்துச் சுரியானியரின் கட்சி வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போனவை. ஆனாலும் நோன்பு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவர்களுடைய வழிபாடு மறக்கவில்லை. நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில், கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுக்கும் வழக்கத்தைச் சுரியானி மரபிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. உலகின் பல சபைகள் நம்மைப் பார்த்துப் பிற்பாடு அதை ஏற்றன. உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நாம் பக்கத்து ஆளின் கையை விரல் நுனியால் தொட்டுவிட்டு, வேண்டாதவர் நிற்கும் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துவிடுகிறோம்.

தமிழ்ச் சபைகளின் பெரிய சண்டைகள் இலையில் என்ன விழுந்தது என்பதைப் பற்றியவை அல்ல. பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைப் பற்றியவை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, திருவிருந்திலும் வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர்ச் சபை கொதித்தது. எதிர்த்தவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் இருந்தார். அவருடைய கீர்த்தனைகளை உருகிப் பாடுகிற நாம் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். 1847இல் அமெரிக்கன் மதுரை மிஷன் தன் ஊழியர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. அன்பின் விருந்து என்று பெயரிட்டு, எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. உபதேசியார்கள் பலர் வேலை போனாலும் போகட்டும் என்று எழுந்துபோனார்கள். அவர்கள் உபவாசம் இருக்கத் தயங்கியிருக்க மாட்டார்கள். பட்டினி அவர்களுக்கு எளிது. பக்கத்தில் உட்கார்ந்து உண்பதுதான் முடியாமல் போயிற்று. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே இரண்டு சாதியாரைப் பிரித்து நின்ற தடுப்பு 1910இல்தான் கௌசானல் அடிகள் காலத்தில் விழுந்தது. அதற்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2008 மார்ச் 9 தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்று கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, கல்லறையிலிருந்து லாசரை இயேசு எழுப்பிய பகுதி. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று உண்ணாவிரதத்தில் இறங்கியிருந்தார்கள். இறந்தவரின் உடலைப் பெரிய தெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது என்பது அவர்களுடைய பழைய காயங்களில் ஒன்று. அந்த ஞாயிறன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. ஆதிக்க சாதிக் கத்தோலிக்கர் இருவர் செத்தார்கள்.

ஒரே ஊர், ஒரே மதம், ஒரே தவக்காலம், இரண்டு விரதங்கள். ஒன்று சட்டம் கேட்ட விரதம். அதை இருதரப்பும் அனுசரித்திருக்கும். மற்றது சகோதரனிடம் நியாயம் கேட்ட விரதம். கிறிஸ்துவின் பார்வையில் எது தவக்காலத்துக்குரியது என்று ஏசாயா 58ஆம் அதிகாரத்தை வாசித்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நுகத்தடியை முறிப்பதும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதுமே தனக்கு உகந்த உபவாசம் என்கிறார் அங்கே ஆண்டவர். சாம்பல் புதனை அடுத்த வெள்ளியன்று திருப்பலியின் முதல் வாசகமும் அதுதான். சிலுவைப்பாதைக்கு மாலையில் நிரம்பி வழியும் கோயிலில், அந்த வாசகத்தைக் கேட்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று பங்குச் சாமியார்களைக் கேட்டால் தெரியும்.

2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால் பீடச் சிறுவர்களில் யார் பிள்ளை, வாசகம் வாசிக்க யார் வீட்டுப் பெண், பெரிய வியாழனன்று பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரில் எந்தத் தெருக்காரர் என்பதையெல்லாம் அறிக்கை தீர்மானிப்பதில்லை. உள்ளூர்ப் பேரவையும் சேகரக் கமிட்டியும் தீர்மானிக்கின்றன. போப் பிரான்சிஸ் 2013இல் ரோமில் சிறார் சிறைக்குப் போய், பெண்களும் முஸ்லிம்களும் இருந்த வரிசையில் பாதம் கழுவினார். நம் ஊரில் கீழத்தெருவுக்குப் போக ரோமுக்கு எழுதிக் கேட்க வேண்டியதில்லை.

தவக்கால உண்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளிடம் அட்டைப் பெட்டி கொடுத்துச் சேர்த்த காசு எங்கோ தொலைவில் பசித்தவருக்குப் போகிறது. போகட்டும், அது தேவை. ஆனால் தொலைவில் இருப்பவனை நேசிக்க அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சங்கக் காணிக்கை கட்டாததால் பெயர் வெட்டப்பட்ட விதவை அடுத்த தெருவில் இருக்கிறாள். கலப்புத் திருமணம் செய்ததால் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்ட பையனும் அங்கேதான் இருக்கிறான். சபையில் சமாதானம் கெட்டுவிடும், அன்பாக இருங்கள் என்று சொல்லி இவர்கள் பேச்சை எடுக்கவிடாமல் செய்வதும், தவக்காலம் தனி ஆள் விவகாரம் என்பதைப் போல, ஒரு நாட்டுப்புற இறையியல். அன்பின் பெயரால் வாயை மூடச் சொல்கிறவர் பெரும்பாலும் பிரச்சினையால் லாபம் அடைகிறவராகவே இருக்கிறார்.

நிசேயா சொன்னதையே செய்து பார்க்கலாம். சாம்பல் புதனுக்கு முந்திய வாரம் பங்குப் பேரவையும் சேகரக் கமிட்டியும் கூடட்டும். சபைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, யார் நீக்கினார், ஏன் நீக்கினார் என்று கேட்கட்டும். சபையார் ஒருவர்மேல் ஒருவர் போட்ட வழக்குகளின் எண்களை வாசிக்கட்டும். மறைமாவட்டமும் டயோசிசும் போட்டவையும் அதில் அடக்கம். கல்லறைத் தோட்டத்துக்குள் யாருக்கு எந்த மூலை என்றும் கேட்கட்டும். அதன்பிறகு திருநெல்வேலிப் பக்கம் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் போடுகிற அசனத்தைப் போல ஒரு பந்தி போடலாம், இதுவரை யாரும் போய்ச் சாப்பிடாத தெருவில், அந்தத் தெருப் பெண்கள் ஆக்கிய சோற்றோடு. லெந்து நெருங்குகிற நேரத்தில் கறி ஆக்கலாமா என்றுதான் கமிட்டியில் முதல் கேள்வி வரும். தாராளமாக ஆக்கலாம். யார் யார் வந்து உட்கார்கிறார்கள் என்று மட்டும் செயலர் மினிட்ஸில் எழுதி வைக்கட்டும்.